துளிர் தேடிய காலைகள்

‘தமிழ்த் தாத்தா’ என்ற பெயர் உ.வே. சாமிநாதையருக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் இன்னொரு காரியத்தையும் செய்துவிட்டது. அவர் பிறந்ததே தாத்தாவாகத்தான் என்று நம்மை நம்பவைத்துவிட்டது. தலைப்பாகை, சால்வை, பாடப்புத்தகத்தில் பார்த்த அந்த முகம். சென்னைக் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் சிலைக்கும் அதே வயதுதான். அவருக்கும் ஒரு காலத்தில் 16 வயது இருந்தது என்பதை நான் வலிந்து நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தப் பதினாறு வயதுப் பையனைப் பற்றியது. அவனை ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அவன் ஒரு பெரியவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தான், பிறகு அவனே பெரியவராக ஆனபோது அவரிடம் இன்னொரு இளைஞர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

இளையவர்களும் முதியவர்களும் பேசிக்கொள்வதே இல்லை என்ற புலம்பலை இப்போது எங்கே போனாலும் கேட்கிறோம். அதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அன்பு, மரியாதை, பொறுமை. நல்ல சொற்கள்தான். ஆனால் அவை பின்னால் வருபவை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலை இருக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலை. ‘என் சரித்திரம்’ என்ற பெரிய புத்தகத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

1871இல் அப்பா வேங்கடசுப்பையருடன் பையன் மாயூரம் வந்து சேர்ந்தான். சொந்த ஊர் உத்தமதானபுரம். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா சங்கீத வித்துவான். பையனும் பாட்டுக்காரனாக வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். ஊர் ஊராகப் போய், இருக்கிற வித்துவான்களிடமெல்லாம் இருக்கிற பாடத்தைக் கேட்டு முடித்தாகிவிட்டது. மிச்சமிருந்தவர் ஒருவர்தான்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1815இல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 56. இன்றைக்கு 56 வயதுக்காரரை முதியவர் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். அன்றைய கணக்கு வேறு. அடுத்த ஐந்து வருஷத்தில் அவர் ஆயுள் முடிந்துவிட்டது. இருவருக்கும் இடையே 40 வருஷம்.

வந்தவுடனே கட்டியணைத்துக்கொள்ளவில்லை பெரியவர். தயங்கினார். பாடம் கேட்கிறேன் என்று வருகிற பையன்கள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நடுவில் போய்விடுவதை அவர் நிறையப் பார்த்திருந்தார். பழகிய பிறகு விட்டுப்போகிறவர்களைப் பற்றிய பயம் முதியவர்களுக்கு இருக்கும். நாம் அதைச் சிடுசிடுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். பையன் பரீட்சையில் தேறினான், சேர்த்துக்கொள்ளப்பட்டான். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று கேட்ட பெரியவர், சாமிநாதன் என்பதைத் தேர்ந்தெடுத்தார். இன்று நாம் சொல்லும் பெயர் அப்படி வந்ததுதான்.

பெயர் வந்துவிட்டது, பாடம் வரவில்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் பையனை ஒப்படைத்துவிட்டார். அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டே பெரியவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் சாமிநாதன். மகாசமுத்திரத்தின் கரைக்கு வந்தாயிற்று, கால் நனையவில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. ‘என் சரித்திர’த்தில் ‘தளிர் ஆராய்ச்சி’ என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் அசாத்தியப் பிரியம். வீட்டுக்குப் பின்னால் மரங்களை நட்டுவைத்திருந்தார். விடிந்ததும் அவற்றிடம் போய் நிற்பார். எது புதிதாகத் துளிர்விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு துளிர் கண்ணில் பட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

பையன் இதைக் கவனித்தான். அடுத்தடுத்த நாட்களில் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போனான். எந்த மரத்தில் எந்தக் கிளையில் துளிர் வந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டான். பெரியவர் வந்ததும், “இதோ, இங்கே ஒன்று” என்று காட்டினான். அவர் பார்த்தார். “அங்கே இன்னொன்று.” அவர் அங்கேயும் போய்ப் பார்த்தார். நாளாக ஆக, காலையில் தோட்டத்துக்கு வந்ததும் அவர் கண் பையனைத் தேட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் தன் ஏக்கத்தைச் சொன்னான். அவரே பாடம் சொல்லத் தொடங்கினார்.

காக்கா பிடித்தான் என்று சொல்லலாம். பெரியவரின் அன்பைப் பெறத்தான் அப்படிச் செய்தேன் என்பதை 85 வயதில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். தினமும் விடியற்காலையில் ஒரு மரத்தில் துளிரைத் தேடுகிறவன் எதற்காகத் தேடினாலும் சரி, கொஞ்ச நாளில் துளிரைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவான். அந்தப் பெரியவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது அவனுக்குப் பழகிவிடும். பாடத்துக்கு முந்தைய பாடம் அது. “உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்” என்று அவன் போய் நிற்கவில்லை. அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதைக் கூட நின்று பார்த்தான்.

தோட்டத்துக்குப் பிறகு ஏடு வந்தது. பிள்ளையவர்கள் செய்யுள் இயற்றும் முறையே இன்னொருவர் கையை நம்பியது. அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் ஒருவர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போக வேண்டும். ஊர் ஊராகப் பெரிய மனிதர்கள் தங்கள் கோயிலுக்குத் தலபுராணம் பாடித் தரும்படி கேட்பார்கள். 20க்கும் மேற்பட்ட தலபுராணங்களை அவர் பாடியிருக்கிறார். ஏற்கெனவே மனத்தில் எழுதிவைத்ததைப் படித்துக்காட்டுவதுபோலத்தான் செய்யுள் வரும். எழுதுகிறவன் கை அந்த வேகத்துக்கு ஓட வேண்டும்.

ஓலையில் எழுதுவது சும்மா இல்லை. அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. புள்ளி வைத்தால் பொத்தல் விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கேட்டவனுக்கு இலக்கணம் தெரிந்திருந்தால்தான் சரியாக எழுத முடியும். ஆக, எழுதுகிறவன் வெறும் எழுத்தனாக இருக்க முடியாது. பெரியவருடைய மனம் எந்தத் திசையில் போகிறது என்று அவன் கூடவே போயாக வேண்டும். வாய் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. செய்யுள் இரண்டு பேருக்கும் நடுவில் உண்டானது. சாமிநாதன் தமிழ் கற்றது பாடம் கேட்ட நேரத்தில் மட்டுமல்ல, இப்படி எழுதிய நேரத்திலும்தான்.

இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த உறவுக்கு விலையும் இருந்தது, சுவரும் இருந்தது.

விலை சங்கீதம். அதே மாயூரத்தில் அப்போது இன்னொரு முதியவர் இருந்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அப்பாவின் விருப்பப்படி சாமிநாதன் அவரிடமும் போய்ப் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். பிள்ளையவர்களுக்கு இது ரசிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் தமிழில் ஊன்றாது என்பது அவர் எண்ணம். பையன் பாட்டை விட்டுவிட்டான். 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கீர்த்தனக்காரர்களில் ஒருவரிடம் கற்கும் வாய்ப்பு அப்படியே நின்றுபோனது. ஒரு முதியவரோடு பாலம் கட்டுவதற்கு இன்னொரு பாலத்தை இடிக்க வேண்டியிருந்தது. முதியவர்களின் அன்புக்குப் பங்கு போடப் பிடிக்காத குணம் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

சுவர் சாதி. பையன் பிராமணன், ஆசிரியர் வேளாளர். ஆசிரியர் வீட்டில் அவன் சாப்பிட முடியாது. சாப்பாட்டுக்கு வேறிடம் பார்க்க வேண்டும். ஓலையை நீட்டிய கைகள் சோற்றுக்கு நடுவே கோடு கிழித்துக்கொண்டன. மாணவர் கூட்டத்தில் பெண் ஒருத்திகூட இல்லை. மறுபக்கம் பார்த்தால், மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். சைவ மகாவித்துவானின் பக்கத்தில் எப்போதும் இருந்தவர் அவர். சில சுவர்களை அந்த உறவு தாண்டியது, சிலவற்றை அப்படியே விட்டுவிட்டது.

1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறை. பிள்ளையவர்களின் கடைசி நேரம். சவேரிநாத பிள்ளை அவரைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சாமிநாதன் திருவாசகத்திலிருந்து அடைக்கலப் பத்தை வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சைவப் பெரியவர், அவரைத் தாங்கிய ஒரு கிறிஸ்தவர், அவருக்குப் படித்த ஒரு ஸ்மார்த்தப் பையன். அவனுக்கு 21 வயதுகூட நிறையவில்லை. மாணவர்களை வைத்துப் பாடம் சொல்லியே வாழ்ந்த பெரியவர் கடனோடு போனார்.

இதற்குப் பிறகு அவனை ‘அவர்’ என்று சொல்லலாம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதுவும் ஒரு பெரியவர் கொடுத்ததுதான். பிள்ளையவர்களின் பழைய மாணவரான தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தன் இடத்தில் இவரை உட்காரவைத்துவிட்டுப் போனார். அதே வருஷம், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீங்கள் படித்ததெல்லாம் பிற்கால நூல்கள், சிந்தாமணி தெரியுமா என்று கேட்டு அவரைத் திகைக்கவைத்த கதை பலருக்குத் தெரியும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது உ.வே.சா. ஒன்றைக் கண்டுகொண்டார். நூல் ஏட்டில் இருந்தது, அதன் பொருள் ஆட்களிடம் இருந்தது.

சமண சமயச் சொற்கள் பல அவருக்குப் புரியவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனார். வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படனம் அன்றைக்குத்தான் பூர்த்தியானது என்றார்கள். தமிழ் படித்தவர்கள் மறந்துவிட்ட ஒரு காப்பியத்தை ஒரு சின்னச் சமூகம் வீட்டுக்குள் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர்கள் சொல்ல, சின்னவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் தேடிய விளக்கங்கள் அங்கே கிடைத்தன. சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல்.

தோரணம் கட்டாத வீடுகளும் இருந்தன. தாத்தா வித்துவானாக இருந்தார், அவர் போன பிறகு ஏடுகளை ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்டுவிட்டோம் என்றார்கள் ஒரு வீட்டில். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. இவற்றைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பக்தியோடுதான் ஆற்றில் விட்டார்கள், பக்தியோடுதான் எரித்தார்கள். அவர்களிடம் ஏடு இருந்தது. அந்த ஏட்டை வாசித்துக் காட்டச் சொல்லி ஒரு தாத்தாவிடம் உட்கார்ந்த பேரன்தான் இல்லை.

பனையோலையின் ஆயுளை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும், செல்லுக்கும் பூச்சிக்கும் நடுவில், ஓர் ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. அதற்குள் யாராவது புது ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். அப்படியென்றால் 2000 வருஷப் பழமை என்று நாம் மார்தட்டும் சங்கப் பாட்டு எதுவும் 2000 வருஷம் சும்மா கிடந்து வரவில்லை. நடுவில் பலமுறை, கண் மங்கிய ஒருவர் வாசிப்பைத் திருத்த, கண் நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு தலைமுறை “எதுக்கு இதெல்லாம்” என்று எழுந்து போயிருந்தால் அந்த நூல் அதோடு முடிந்தது. அப்படி முடிந்தவையும் நிறைய.

சமீபத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வேலை வந்தது. அம்மாச்சியின் பெட்டியில் இருந்த பழைய பத்திரங்களை வகைபிரிக்க வேண்டும். அவருக்குக் கண்ணில் புரை. எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், எழுதியிருப்பது புரியாது. மா, குழி என்ற கணக்கு, ‘மேற்படியார் வகையறா’, எப்போதோ தூர்ந்துபோன வாய்க்காலின் பெயர். நான் வாசித்தேன், அவர் சொன்னார். “அந்த வாய்க்கா ஓரமாத்தான் எங்க ஆத்தாவுக்குப் பிரசவ வலி வந்துச்சு” என்று ஒரு வரி நடுவில் வந்து விழுந்தது. “உங்க காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு அம்மாச்சி?” என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்டால், “என்னத்த இருந்துச்சு, இப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பத்திரம் நடுவில் இருந்ததால் பேச்சு இரண்டு சாயங்காலம் ஓடியது. கதை கேட்க வந்தவன் என்ற நிலை மாறி, கூட வேலை செய்கிறவன் ஆனேன். அவரும் கதை சொல்லும் பாட்டி என்ற நிலையிலிருந்து, விஷயம் தெரிந்த ஆள் ஆனார். அப்போதுதான் ‘தளிர் ஆராய்ச்சி’ எனக்கு முழுதாக விளங்கியது.

உ.வே.சா. கதைக்கு இரண்டாம் பாதி உண்டு. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆசிரியர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1933இலும் 1934இலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அப்போது அவருக்கே 80 நெருங்கிக்கொண்டிருந்தது. 60 வயதில் இறந்தவரைப் பற்றி, அவரைவிட 20 வயது மூத்தவராகிவிட்ட மாணவர் எழுதுகிறார். புத்தகத்துக்குள் போனால் மட்டும் இன்னும் ஏட்டோடு பக்கத்தில் நிற்கும் பையன்தான்.

அந்தக் காலத்தில் அவர் பக்கத்தில் ஓர் இளைஞர் இருந்தார். கி.வா. ஜகந்நாதன், 1906இல் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் உ.வே.சா.விடம் வந்து சேர்ந்தார். இருவருக்கும் 51 வயது வித்தியாசம். பாடம் கேட்டார், ஏடு ஒப்பிட்டார், பதிப்பு வேலையில் உதவினார், எழுத்து வேலையில் கூட இருந்தார். ‘கலைமகள்’ ஆசிரியரான பிறகும் அந்த உறவு அறவில்லை. 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் ‘என் சரித்திரம்’ வாராவாரம் வர ஆரம்பித்தபோது எழுதியவருக்கு 85 வயது நிறையப்போகிறது. வாயும் நினைவும் பெரியவருடையவை. உடனிருந்த கைகளில் கி.வா.ஜ.வின் கை முக்கியமானது. மாயூரத்தில் எழுத்தாணி பிடித்த பையன் இருந்த இடத்தில் இப்போது இவர்.

அந்தத் தொடர் செய்த இன்னொரு வேலை, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஒரு கிழவரின் பக்கத்தில் வாரம் ஒரு முறை உட்காரவைத்தது. சிரிப்புத் துணுக்குக்காகவும் தொடர்கதைக்காகவும் விகடன் வாங்கியவர்கள், 70 வருஷத்துக்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் அக்கிரகாரத்துச் சாப்பாட்டையும் கூடவே படித்தார்கள். அறிவுரை சொல்லாமல் நடந்ததைச் சொல்கிற முதியவர் ஒருவர் கிடைத்தால் இளைஞர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர் எழுத்தில் புளிச்சாதத்துக்கும் இலக்கணத்துக்கும் ஒரே மரியாதை.

சரித்திரம் முடியவில்லை. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. உ.வே.சா. திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 28 அன்று அங்கே காலமானார். விகடனில் 122 அத்தியாயங்கள் வந்திருந்தன. கதை 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களோடு நின்றுவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரி, பிந்தைய பதிப்புகள் என்று வாழ்க்கையின் கடைசி நாற்பது வருஷங்கள் அதில் இல்லை. பிற்காலத்தில் கி.வா.ஜ. தன் ஆசிரியரைப் பற்றி ‘என் ஆசிரியப்பிரான்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளையவர்களுக்கு உ.வே.சா. செய்ததை உ.வே.சா.வுக்கு இவர் செய்தார்.

கி.வா.ஜ. 1988 வரை இருந்தார். அவருடைய சிலேடைப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் இன்றும் நம் தெருவில் இருக்கிறார்கள். 1815இல் பிறந்த ஒருவரிலிருந்து 1988 வரைக்கும் மூன்றே மூன்று பேர். 173 வருஷத்தை மூன்று ஆயுள்கள் கைகோத்துத் தாண்டிவிட்டன. வரலாறு என்றால் ஏதோ எட்டாத தூரம் என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இருந்தது. இடையில் இருந்த இரண்டு கண்ணிகளையும் போட்டவர்கள் இளைஞர்கள். ஒருவன் 16 வயதில், இன்னொருவர் இருபதுகளில்.

இப்போது அந்த வரிசையில் நாலாவதாக யார் என்று கேட்டால் பெரிய பெயரெல்லாம் தேட வேண்டாம். பக்கத்து வீட்டில் கண் மங்கிய ஒருவரிடம் ஒரு கட்டுக் கடிதம் இருக்கலாம், ஒரு விதைப் பானை இருக்கலாம், யாரும் பாடாத ஒரு ஒப்பாரி இருக்கலாம். அவர் காலையில் எழுந்து முதலில் எதைப் போய்ப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அங்கே கொஞ்சம் முன்னதாகப் போய் நிற்க வேண்டியதுதான்.